லியோ போன பிறகு ஃபெண்டர்: ஒரு கிட்டார் பிராண்டின் இரண்டாவது வாழ்க்கை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன எபிசோடில் எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தோம். அதைக் கேட்டுட்டு ஒரு நண்பர் கேட்டார்: "பழைய ஃபெண்டர் கிட்டார் விற்கிறவங்க எல்லாரும் 'ப்ரீ-சிபிஎஸ்' னு ஒரு வார்த்தையைப் போட்டு விலையை எங்கேயோ கொண்டு போறாங்களே, அது என்ன மேட்டர்?"

ஒரு வரியில் பதில் சொல்லிடலாம். 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு முன்னால் செய்த கிட்டார் ப்ரீ-சிபிஎஸ். அவ்வளவுதான்.

ஆனா இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. விற்பனைக் கையெழுத்து ஆன மறுநாள் காலை அதே ஃபேக்டரிதான் திறந்தது. அதே ஆட்கள், அதே மெஷின், அதே மரம். வீட்டுக்குப் போனது ஒரே ஒரு மனுஷன். ஒருத்தர் போனால் ஒரு பொருள் கெட்டுப்போகுமா? கெட்டுப்போச்சுன்னா, எந்த வழியாக? இன்றைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

கிட்டார் வாசிக்கத் தெரியாத கிட்டார்காரர்

லியோ ஃபெண்டர் 1909-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். 1938-ல் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது, ட்யூன் பண்ணவே தெரியாது என்று கூடச் சொல்வார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பொருள் எங்கே உடையும், உடைந்தால் எப்படிச் சரிசெய்வது என்பதுதான்.

அவர் கிட்டார்களைக் கழற்றிப் பார்த்தால் அந்த ரிப்பேர்காரர் புத்தி தெரியும். அந்தக் காலத்துக் கிட்டார்களில் நெக்கை பாடியோடு பசை போட்டு ஒட்டுவார்கள். லியோ நாலு போல்ட் போட்டு முடுக்கினார். நெக் வளைஞ்சு போச்சா? கழற்று, வேறு மாட்டு. பிக்கப், வயரிங் எல்லாம் தனித்தனியாகக் கழற்றலாம். நம்ம ஊர் பாஷையில் சொன்னா, ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும்.

1950-ல் இந்த யோசனையில் வந்த கிட்டாருக்கு அவர் வைத்த பெயர் ப்ராட்காஸ்டர். க்ரெட்ச் என்ற கம்பெனி உடனே தந்தி அடித்தது: அந்தப் பெயரில் எங்களிடம் ஏற்கெனவே டிரம்ஸ் இருக்கு, மாத்துங்க. லியோவிடம் அச்சடித்த ஸ்டிக்கர்கள் மிச்சம் இருந்தன. ப்ராட்காஸ்டர் என்ற வார்த்தையை மட்டும் கத்தரித்துவிட்டு, ஃபெண்டர் என்ற பெயரோடு கொஞ்ச நாள் விற்றார்கள். பிறகுதான் டெலிகாஸ்டர் என்ற பெயர் வந்தது. இந்த ப்ராட்காஸ்டர் பெயரை ஞாபகம் வைச்சுக்கோங்க, திரும்ப வரும்.

1951-ல் ப்ரிசிஷன் பேஸ். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். தனக்கு வாசிக்கத் தெரியாததால், மாடலைச் செய்து இசைக்கலைஞர்கள் கையில் கொடுத்து, அவர்கள் என்ன குறை சொல்கிறார்கள் என்று கேட்பார். திருப்பி எடுத்துவந்து மாத்துவார். மறுபடி கொடுப்பார். இதில் அவர் தனியாளும் இல்லை. வடிவமைப்பில் ஃப்ரெடி டவாரெஸ், உற்பத்தியில் ஜார்ஜ் ஃபுல்லர்டன், ஃபாரஸ்ட் வைட், விற்பனையில் டான் ரேண்டல். ஜார்ஜின் பெயருக்கும் ஊர்ப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை, தற்செயல்தான்.

1.3 கோடி டாலர்

1960-களின் தொடக்கத்தில் லியோவுக்கு உடம்பு சரியில்லை. சைனஸில் ஒரு தொற்று, வருடக்கணக்காக ஆறவே இல்லை. இனி அதிக நாள் இருக்கமாட்டோம் என்று அவரே நம்பினார். ரேண்டலிடம், 15 லட்சம் டாலர் கொடுத்து நீயே எடுத்துக்கோ என்று சொன்னார். ரேண்டல் யோசித்தார்: வெளியில் இதைவிட நல்ல விலை கிடைக்குமே. தேடிப்போய்ப் பேசினார். கடைசியில் சிபிஎஸ் கொடுத்த விலை 1.3 கோடி டாலர்.

அது எவ்வளவு பெரிய தொகை? அதற்கு முந்தைய வருடம்தான் சிபிஎஸ், நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் 80 சதவீதத்தை 1.12 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. ஊரறிந்த விளையாட்டு அணிக்குக் கொடுத்ததைவிட ஒரு கிட்டார் கம்பெனிக்கு அதிகம் கொடுத்தார்கள். ராக் இசை ஏறிக்கொண்டிருந்த நேரம், கணக்கு அவர்களுக்குப் புரிந்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. விற்றுச் சில வருடங்களில் லியோ வேறொரு டாக்டரிடம் போனார். சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நோய் போய்விட்டது. சாகப்போகிறோம் என்று கம்பெனியை விற்றவர், விற்பனைக்குப் பிறகு 26 வருடம் வாழ்ந்தார்.

கெட்டுப்போனது எப்படி?

சிபிஎஸ் வந்ததும் கிட்டார் ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. 1965-ல் வந்த கிட்டாரில் பெரும்பாலும் பழைய பாகங்களே இருந்தன. மாற்றம் ஒவ்வொன்றாக வந்தது. பழைய கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஃபேக்டரி கட்டினார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஹெட்ஸ்டாக் பெரிதானது. 1960-களின் கடைசியில், மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்குப் பதில் கெட்டியான பாலியெஸ்டர் பூச்சு வந்தது. சீக்கிரம் காயும், நிறைய கிட்டார் வெளியே அனுப்பலாம்.

தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் பைத்தியக்காரத்தனம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கு, கணக்கு இருக்கு. ஆனா இப்படி இருபது மாற்றம் சேரும்போது, "இது வேண்டாம்" என்று சொல்ல யாராவது ஒருத்தர் இருக்கணும்.

அப்படிச் சொன்ன ஒருத்தர் இருந்தார். உற்பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபாரஸ்ட் வைட். 1966-ல் சிபிஎஸ் வால்வு ஆம்ப்ளிஃபையர்களுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் ஆம்ப் வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது. இவை ஃபெண்டர் பெயரில் போகிற தரத்தில் இல்லை என்று சொல்லி, ஒப்புதல் தர மறுத்து வைட் வேலையை விட்டார். அவர் பயந்தபடியே அந்த ஆம்ப்கள் சந்தையில் எடுபடாமல் சில வருடங்களில் நின்றுபோயின. 1969-ல் ரேண்டல் போனார். 1970-ல் ஜார்ஜ் ஃபுல்லர்டன் போனார்.

என்னைக் கேட்டால், ப்ரீ-சிபிஎஸ் என்ற கோடு விழுந்த இடம் 1965 கையெழுத்து இல்லை, இந்த ராஜினாமாக்கள்தான். நிறுவனர் போன பிறகும், அவர் எதை ஏன் செய்தார் என்று தெரிந்தவர்கள் உள்ளே இருந்தால் பொருள் தாக்குப்பிடிக்கும். அவர்களும் போனால், வரைபடம் இருக்கும், காரணம் இருக்காது. சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். பழைய கோடில் "இதைத் தொடாதே" என்று ஒரு வரி இருக்கும். ஏன் தொடக்கூடாது? எழுதினவர் கம்பெனியை விட்டுப் போய் நாலு வருஷம் ஆச்சு.

மூன்று போல்ட் வழக்கு

சிபிஎஸ்ஸைத் திட்டுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம் இது. 1971-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நாலு போல்ட், மூன்று போல்ட் ஆனது. அந்தக் காலத்துக் கிட்டார்களில் நெக் லூஸாகி இடமும் வலமும் ஆடியது என்று ஏகப்பட்ட புகார். காசு மிச்சம் பிடிக்க ஒரு போல்ட்டை உருவிட்டாங்க என்று இன்றும் கிட்டார் கடைகளில் சொல்வார்கள்.

ஆனா அந்த வடிவமைப்பு யாருடையது தெரியுமா? லியோவுடையது. கம்பெனியை விற்ற பிறகு அவர் சிபிஎஸ்ஸுக்கு ஆலோசகராக இருந்தார். நெக் சாயும் கோணத்தைக் கழற்றாமலேயே ஒரு சின்ன சாவியால் திருகிச் சரிசெய்கிற ஏற்பாட்டை அப்போது உருவாக்கினார். மைக்ரோ-டில்ட் என்று பெயர். அதற்குத்தான் மூன்று போல்ட். இன்னும் கேளுங்க: பிறகு தன் சொந்தக் கம்பெனிகளில் செய்த கிட்டார், பேஸ்களிலும் லியோ அதே மூன்று போல்ட்டைப் போட்டார். அங்கே பெரிதாகப் புகார் வரவில்லை.

அப்போ பிரச்சினை எங்கே? நெக் போய் உட்காருகிற குழியில். பாடியில் குடைகிற அந்தக் குழி கச்சிதமாக இருந்தால், மூன்று போல்ட் தாராளமாகப் போதும். இழுத்து நெருக்கிப் பிடிக்கும். குழி ஒரு நூல் அகலமாகிவிட்டால் நெக் ஆட இடம் கிடைத்துவிடும். நாலு போல்ட் அந்தத் தப்பை ஓரளவு மறைக்கும், மூன்று போல்ட் மறைக்காது. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக 1970-களில் மரம் குடைகிற வேலையில் கவனம் குறைந்தது. அடி போல்ட் மேல் விழுந்தது.

ஒரே டிசைன், ஒரே மூளை. ஒரு ஃபேக்டரியில் ஆடுது, இன்னொன்றில் ஆடலை. நிறுவனரின் யோசனையை வைத்துக்கொள்வது சுலபம். அதைத் தினமும் அதே கவனத்தோடு செய்வதுதான் கஷ்டம்.

சிபிஎஸ் பக்க நியாயம்

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிடணும். 1969-ல் வுட்ஸ்டாக்கில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்த வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1968-ல் செய்தது. பெரிய ஹெட்ஸ்டாக், பக்கா சிபிஎஸ் கிட்டார். பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோருடைய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1969-ஆம் வருடத்து பாடி. 2019-ல் அது ஏலத்தில் 39.75 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய தேதிக்கு உலகத்திலேயே ஏலத்தில் அதிக விலை பெற்ற கிட்டார். கில்மோர் அதற்குப் பல தடவை நெக் மாற்றியிருக்கிறார். கழற்றி மாட்டலாம் என்ற அந்த ரிப்பேர்காரரின் யோசனை அங்கேயும் வேலை செய்திருக்கு.

ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோ பெரிதாக வளர்ந்ததும் சிபிஎஸ் காலத்தில்தான். அதனால் 1965-க்கு முன்னால் எல்லாம் தங்கம், பின்னால் எல்லாம் தகரம் என்று சொல்வது தப்பு. நல்ல கிட்டார் வந்துகொண்டுதான் இருந்தது. கடையில் பத்து கிட்டார் வரிசையாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கலாம் என்ற நம்பிக்கைதான் போனது.

தன் பெயரை வைக்க முடியாதவர்

இப்போ லியோ பக்கம் வருவோம். பத்து வருடத்துக்குப் போட்டியாக இறங்கமாட்டேன் என்று ஒப்பந்தம். அது முடிகிற நேரத்தில், வைட்டும் டாம் வாக்கரும் தொடங்கியிருந்த மியூசிக் மேன் கம்பெனியில் 1975-ல் தலைவரானார். 1976-ல் அங்கிருந்து வந்த ஸ்டிங்ரே பேஸ் இன்றும் மேடைகளில் இருக்கு. ஆனா கூட்டாளிகளுக்குள் உரசல் வந்தது. 1984-ல் மியூசிக் மேன் பெயரை எர்னி பால் கம்பெனி வாங்கிக்கொண்டது.

அதற்குள் லியோ, ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு சேர்ந்து ஜி அண்ட் எல் தொடங்கியிருந்தார். ஜார்ஜின் முதல் எழுத்து, லியோவின் முதல் எழுத்து. ஏன் வெறும் எழுத்து? ஃபெண்டர் என்பது அவர் அப்பா கொடுத்த பெயர்தான், ஆனா கிட்டார் பிராண்டாக அது இப்போது வேறொருவர் சொத்து.

1985-ல் ஜி அண்ட் எல், டெலிகாஸ்டர் ஜாடையில் ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தது. அதற்கு ப்ராட்காஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். 1951-ல் விட்ட தன் பழைய பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. இந்த முறை ஆட்சேபம் சொன்னது ஃபெண்டர் கம்பெனி. தான் தொடங்கிய கம்பெனியே, தான் வைத்த பெயரைத் தானே பயன்படுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டது. சட்டப்படி அவர்கள் பக்கம் தப்பில்லை. கிட்டாருக்கு அசாட் என்று வேறு பெயர் வந்தது.

லியோ இதற்கெல்லாம் கடையைச் சாத்தவில்லை. வயசான காலத்தில் உடம்பு ஒத்துழைக்காதபோதும் தினமும் பட்டறைக்கு வந்தார். 1991 மார்ச் 21 அன்று இறந்தார். அதற்கு முந்தைய நாள் வரை வேலைக்கு வந்தார் என்கிறார்கள்.

இருபது வருடம் கழித்து அதே விலை

ஃபெண்டர் என்ன ஆனது? 1970-களின் கடைசியில் ஜப்பான் கம்பெனிகள் பழைய ஃபெண்டர்களை அப்படியே நகலெடுத்து, பல நேரம் அசலைவிடச் சுத்தமாகச் செய்து விற்க ஆரம்பித்தன. 1981-ல் சிபிஎஸ் விழித்துக்கொண்டு, யமஹாவின் அமெரிக்கக் கிளையிலிருந்து பில் ஷுல்ட்ஸ், டான் ஸ்மித் போன்றவர்களைக் கொண்டுவந்தது. அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று 1950-60 மாடல்களை மறுபடி அச்சு அசலாகச் செய்வது. அதற்கு, பழைய கிட்டார் விற்கிற கடைகளைத் தேடிப்போய்த் தங்கள் சொந்தக் கிட்டாரையே அளந்து பார்க்க வேண்டியிருந்தது. தான் எழுதின கோடைத் தானே வெளியில் வாங்கிப் படிக்கிற மாதிரி. 1982-ல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கி, தன்னை நகலெடுத்த நாட்டிலேயே தன் கிட்டாரைச் செய்ய ஆரம்பித்தது.

1985-ல் ஷுல்ட்ஸும் உள்ளே இருந்த ஊழியர்களும் முதலீட்டாளர்களும் சேர்ந்து கம்பெனியை சிபிஎஸ்ஸிடமிருந்து வாங்கினார்கள். விலை 1.25 கோடி டாலர். 1965 விலையைவிடக் குறைவு. இடையில் அமெரிக்காவில் விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அந்தத் தொகையில் ஃபுல்லர்டன் ஃபேக்டரி கட்டடம் சேரவில்லை. பெயர், வரைபடம், கொஞ்சம் மெஷின், கொஞ்சம் ஆட்கள். கொஞ்ச நாள் ஜப்பான் கிட்டார்களை விற்றே தள்ளினார்கள். பிறகு கலிபோர்னியாவின் கரோனாவில் புது ஃபேக்டரி, 1987-ல் மெக்சிகோவின் என்செனடாவில் ஒன்று, அதே வருடம் கஸ்டம் ஷாப். இன்று கடைகளில் நாம பார்க்கிற ஃபெண்டர் இந்த இரண்டாவது தொடக்கத்திலிருந்து வந்ததுதான்.

இப்படித்தான் ஆகணுமா?

இல்லை. கிப்சன் கதையைப் பாருங்க. 1984-ல் கலமசூ நகர ஃபேக்டரியை மூடி நாஷ்வில்லுக்குப் போனார்கள். ஊரை விட்டுப் போக மனமில்லாத பழைய தொழிலாளர்கள் 1985-ல் அதே கட்டடத்தில் ஹெரிடேஜ் என்ற பெயரில் கிட்டார் செய்ய ஆரம்பித்தார்கள். பெயர் ஊர் மாறியது, கைவேலை அதே ஊரில் நின்றது.

டெய்லர் கிட்டார்ஸ் வேறு வழி எடுத்தது. 1974-ல் பாப் டெய்லரும் கர்ட் லிஸ்டக்கும் தொடங்கின கம்பெனி அது. விலகுவதற்குப் பத்து வருடம் முன்னாலேயே, 2011-ல், ஆண்டி பவர்ஸ் என்ற கிட்டார் வடிவமைப்பாளரை உள்ளே கொண்டுவந்தார்கள். நிறுவனர்கள் பக்கத்தில் இருக்கும்போதே அவர் கிட்டாரின் உள் அமைப்பையே மாற்றினார். 2021-ல் கம்பெனியை முழுக்க ஊழியர்கள் பெயருக்கே மாற்றினார்கள். அடுத்த வருடம் பவர்ஸ் தலைவரானார். லியோ இந்த அளவு யோசிக்கவில்லை என்று குறை சொல்ல முடியாது. சாவு வாசலில் நிற்குதுன்னு நம்பின மனுஷனிடம் பத்து வருடத் திட்டம் கேட்பது நியாயம் இல்லை.

அந்த நண்பரின் கேள்விக்குத் திரும்ப வர்றேன். கிட்டார் வாங்கப் போனால் வருடத்தைப் பார்த்து மயங்காதீங்க. நெக்கும் பாடியும் சேருகிற இடத்தைப் பாருங்க, இடைவெளி இருக்கான்னு. நெக்கை மெதுவா ஆட்டிப் பாருங்க. எடை பாருங்க, தோளில் மாட்டி அரை மணி நேரம் நில்லுங்க. ஹெட்ஸ்டாக்கில் எழுதியிருக்கிற பெயரை விற்றவர் யார், வாங்கினவர் யார் என்பதெல்லாம் கதை. அந்தக் குழியைக் கவனமாகக் குடைஞ்ச ஒருத்தர் இருந்தாரா என்பதுதான் உங்க கையில் தெரியும்.

நீங்க வேலை பார்க்கிற இடத்தில் யாராவது மூத்தவர் இந்த மாதம் நோட்டீஸ் பீரியடில் இருந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "இதை ஏன் அண்ணா இப்படிப் பண்ணீங்க?" னு கேட்டு எழுதி வைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.